இலங்கை போனால் யார் வீட்டில் தங்குவது? மதுரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரை ஏர்போர்ட்டில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய் இறங்குகிற நேரம்தான். அதனாலேயே நம் ஊர்க்காரர்கள் இலங்கைப் பயணத்தைக் கொடைக்கானல் போகிற மாதிரி எடுத்துக்கொண்டு, டிக்கெட்டை மட்டும் போட்டுவிட்டு, தங்குகிற இடத்தைக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி படுத்துக்கொண்டே மொபைலில் எது மலிவோ அதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். எல்ல என்கிற மலை ஊரில், கொட்டுகிற மழையில், அம்மாவையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மூன்று பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, "குடும்பத்தினர் நடத்தும் இல்லம்" என்று போட்டிருந்த வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் ஒரு பையன் பைக்கில் வந்து சாவியைக் கையில் கொடுத்தான். குடும்பம் எங்கே தம்பி என்று கேட்டால், அவர்கள் கொழும்பில் இருக்கிறார்களாம். போட்டோவில் பார்த்த பள்ளத்தாக்குக் காட்சியைத் தேடினேன். அது பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்தது.

அதற்கப்புறம் இரண்டு தடவை போய், மொத்தம் ஒன்பது வீடுகளில் தங்கியாயிற்று. அறை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம், ராத்திரி அந்த வீட்டில் யார் தூங்குகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி என்று இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. கீழே உள்ளது எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கிற வழிதான்.

முதலில், உங்களுக்கு இது ஒத்துவருமா

எல்லோருக்கும் ஹோம்ஸ்டே ஒத்துவராது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள், ரூமுக்குச் சாப்பாடு வரவேண்டும் என்கிறவர்கள், பத்துப் பேராகச் சேர்ந்து பாட்டும் கூத்துமாக இருக்க நினைக்கிறவர்கள் எல்லாரும் பேசாமல் ஹோட்டலில் போடுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. ஹோம்ஸ்டே என்றால் யாரோ ஒருவர் தன் வீட்டில் ஒரு அறையை நமக்கு ஒழித்துக் கொடுக்கிறார். அந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கும், சீக்கிரம் தூங்கப் போகிற தாத்தா இருப்பார். அவர்களோடு கொஞ்சம் அனுசரித்துப் போக முடியும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்களுக்கு என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு ஹோம்ஸ்டேவுக்குத்தான். அம்மாவுக்குக் கண்டியில் வயிற்றைப் பிரட்டியபோது அந்த வீட்டு அக்கா கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்ததை எந்த ரிசப்ஷனிலும் எதிர்பார்க்க முடியாது.

படி 1: நிஜமாகவே குடும்பம் குடியிருக்கிற வீடா என்று பார்ப்பது

புக்கிங் தளங்களில் ஹோம்ஸ்டே என்ற பெயரில் மூன்று விதமான இடங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, குடும்பம் அதே வீட்டில் இருக்கும், நமக்கு ஒன்றிரண்டு அறைகள். இரண்டாவது, குடும்பம் முன்வீட்டில், நாம் பின்னாலோ மாடியிலோ தனிவாசல் வைத்த பகுதியில், அங்கே அதை அனெக்ஸ் என்பார்கள். மூன்றாவது, நான் மழையில் மாட்டிய வகை: வீடு ஒருவருடையது, நடத்துவது இன்னொருவர், சாவி வேறொரு பையனிடம்.

முதல் இரண்டும் நல்லவைதான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நம் குடும்பங்களுக்குச் சரி, ஏனென்றால் நம்மாட்கள் சத்தமாகப் பேசுவோம், பிள்ளைகள் ஓடும், அவர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒரே நபர் பெயரில் நான்கைந்து ஊர்களில் வீடு இருந்தால் அது குடும்ப வீடு இல்லை, தொழில். எல்லா போட்டோவும் அறையையும் கட்டிலையும் மட்டுமே காட்டி, ஒரு முற்றமோ சாப்பாட்டு மேசையோ கொடியில் காயும் துணியோ ஒன்றிலும் தென்படாவிட்டால் சந்தேகப்படுங்கள். நுழைவுக்கு ரகசிய எண் அனுப்புவோம், நீங்களே திறந்துகொள்ளலாம் என்று போட்டிருந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

அரசாங்கப் பதிவும் இருக்கிறது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஹோம்ஸ்டே என்றே ஒரு தனிப் பிரிவு வைத்துப் பதிவு செய்கிறது, பதிவான இடங்களின் பட்டியலை அவர்களுடைய இணையதளத்தில் பார்க்கலாம். பட்டியலில் இருந்தால் ஒரு தெம்பு. இல்லாததாலேயே மோசம் என்று தள்ளிவிடவும் வேண்டாம், நான் தங்கியதில் மிக நல்ல வீடுகள் இரண்டுக்கு வாசலில் ஒரு போர்டுகூடக் கிடையாது.

படி 2: எந்த மாதத்தில் எந்தக் கரை

இதை வீடு தேடுவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டும். இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் மழை இரண்டு பக்கம் இரண்டு விதமாகப் பெய்யும். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை காலி (Galle), மிரிஸ்ஸ போன்ற தென்மேற்குக் கரையையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். வடகிழக்குப் பருவமழை, நமக்கு வருகிற அதே மழைதான், டிசம்பரை ஒட்டி யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நம்ப முடியாது.

நம் பள்ளிக்கூட லீவை வைத்துக் கணக்குப் போட்டால் எளிது. அரையாண்டு லீவுக்குப் போனால் காலி, மிரிஸ்ஸ பக்கம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கிற காலமும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். முழுப் பரீட்சை லீவுக்குப் போனால் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா என்று கிழக்குக் கரை, அப்போது கடல் குளம் மாதிரி கிடக்கும்.

கோடையில் போகிறவர்கள் கவனிக்க: சித்திரை ஒன்று அங்கே சிங்களவர், தமிழர் எல்லாருக்கும் புத்தாண்டு. அந்த வாரம் கடைகள் மூடிக்கிடக்கும், வீட்டுக்காரர்களே சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், நுவரெலியாவில் மட்டும் கூட்டம் நெரியும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கொடைக்கானலைவிடக் கொஞ்சம் கீழே, ஆனால் குளிர் அதே குளிர்தான், வெந்நீர் இல்லாத வீட்டை எடுத்துவிடாதீர்கள்.

அதேபோல ஆடி, ஆவணி வாக்கில் கண்டியில் பெரஹரா என்கிற யானை ஊர்வலத் திருவிழாவும், நல்லூரில் கந்தசுவாமி கோயில் திருவிழாவும் நடக்கும். நல்லூரில் மொத்தம் 25 நாள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று டவுன் ஹால் ரோட்டில் போய் ரூம் கேட்டால் என்ன பதில் கிடைக்குமோ அதே பதில்தான் அங்கேயும் கிடைக்கும். திருவிழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று மாதம் முன்னாலேயே வீட்டைப் பிடியுங்கள், இல்லையென்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

படி 3: மேப்பில் வீட்டைச் சுற்றி ஒரு நடை

ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். எல்லயில் ஒரு கிலோமீட்டர் என்பது சில சமயம் நூறு படிக்கட்டு. அம்மாவுக்கு மூட்டுவலி, பெட்டி இருபது கிலோ, ஆட்டோ வீட்டு வாசல் வரை ஏறாது. வாசல் வரை ஆட்டோ வருமா, எத்தனை படி ஏறவேண்டும் என்று எண்ணிக்கையோடு கேளுங்கள். "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்.

சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கொழும்பிலிருந்து காலி போகிற ரயில் பாதை பல இடங்களில் கடலை ஒட்டியே ஓடுகிறது, கடலோர வீடு என்று ஆசைப்பட்டு எடுத்தால் தலைமாட்டில் ரயில் போகும். பக்கத்தில் கல்யாண மண்டபம், விளையாட்டு மைதானம், பார் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில், பள்ளிவாசல், விகாரை ஸ்பீக்கர் எல்லாம் நமக்குப் பழகினதுதான், மீனாட்சி கோயிலுக்கு நாலு தெரு தள்ளி வளர்ந்தவனுக்கு அதெல்லாம் தாலாட்டு.

சிகிரியா, ஹபரண பக்கம் போகிறவர்கள் ஒன்று மட்டும் மறக்கக்கூடாது, அங்கே இருட்டினபிறகு ரோட்டில் யானை வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, காட்டு யானை. மெயின் ரோட்டிலிருந்து வயல் வழியாக ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற வீடு போட்டோவில் சொர்க்கமாகத் தெரியும், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளியே நடந்து போக முடியாது. அங்கே தங்கினால் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: விமர்சனங்களை அடியிலிருந்து படிப்பது

மேலே மிதக்கிற பத்துக்குப் பத்து விமர்சனங்களை விட்டுவிட்டு, குறைந்த மதிப்பெண் போட்டதை முதலில் படியுங்கள். என்ன குறை என்பதைவிட அதற்கு வீட்டுக்காரர் என்ன பதில் போட்டிருக்கிறார் என்பது முக்கியம். "அன்றைக்கு மோட்டார் பழுது, மறுநாள் சரிசெய்துவிட்டோம், மன்னிக்கவும்" என்றால் நல்ல ஆள். குறை சொன்னவரையே திட்டியிருந்தால் அப்படியே அடுத்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.

நல்ல விமர்சனங்களில் நான் தேடுவது ஆட்களைத்தான். "அழகான அறை, அருமையான காட்சி, சிறந்த இடம்" என்று மட்டும் இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. "அந்த வீட்டு அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து எங்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார்", "தாத்தா என் மகனுக்குக் கிரிக்கெட் பந்து போட்டார்" என்று ஒரு மனிதர் எங்காவது வந்துவிட்டால் அந்த வீட்டில் குடும்பம் இருக்கிறது. இப்படி மூன்று பேராவது, வேறு வேறு மாதங்களில், ஒரே மனிதரைப் பற்றி எழுதியிருந்தால் நான் அதற்குமேல் யோசிப்பதில்லை.

அப்புறம், வெள்ளைக்காரர்கள் எழுதுவதும் நம்மவர்கள் எழுதுவதும் வேறு வேறு. அவர்களுக்குக் காரம் இல்லாத சாப்பாடு சுகம், நமக்கு அது சப்பென்று இருக்கும். அவர்கள் ஷவர் வந்தால் போதும் என்பார்கள், நமக்கு வாளியும் மக்கும் வேண்டும். இந்தியக் குடும்பங்கள் எழுதினதைத் தேடிப் பிடித்துப் படியுங்கள், நாலு இருந்தாலும் போதும். போட்டோக்களில் கட்டிலைப் பார்க்காமல் குளியலறையின் மூலையைப் பாருங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா என்று பாருங்கள். விருந்தாளிகள் எடுத்துப் போட்ட போட்டோக்களில்தான் வீட்டின் நிஜ நிறம் தெரியும்.

படி 5: வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ்

இதுதான் முக்கியமான படி. இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். காசு கட்டுவதற்கு முன்னால், தளத்தின் மெசேஜ் வசதியிலேயே, நாலு வரி எழுதுங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். மதுரையிலிருந்து வருகிறோம். நாங்கள் இரண்டு பேர், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், எழுபது வயது அம்மா. அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? அம்மா சுத்த சைவம், மாசிக்கருவாடும் சாப்பிடமாட்டார். ராத்திரி வீட்டில் யார் இருப்பீர்கள்? ரயில் காலை ஆறு மணிக்கு, அதற்கு முன்னால் காபியோ டீயோ கிடைக்குமா?"

காலி, கண்டி, எல்ல பக்கம் என்றால் இதையே எளிய ஆங்கிலத்தில் போடுங்கள். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்றால் தமிழிலேயே எழுதலாம், எழுதினால் பதில் வேகமாக வரும்.

பதிலில் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா? அதைவிட, அவர்கள் திருப்பி ஏதாவது கேட்கிறார்களா? "அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா, டீயில் சீனி போடலாமா" என்று ஒரு வீட்டிலிருந்து திருப்பிக் கேட்டார்கள். அங்கேயே முடிவாகிவிட்டது. "எல்லாம் இருக்கிறது, வாங்க" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தால் எல்லாம் இருக்காது.

மாசி பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். மாசிக்கருவாடு நம் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் தெரிந்த சரக்குதான். இலங்கையில் அதை இடித்துத் தேங்காய்ச் சம்பலில், கீரையில், சில வீடுகளில் காய்கறிக் கறியில்கூடப் போட்டுவிடுவார்கள். சிங்களத்தில் உம்பலகட என்பார்கள். மீன், இறைச்சி இல்லாத சாப்பாடு என்று சொன்னால்கூட அது மீன் கணக்கில் வராது, அவர்களுக்கு அது பெருங்காயம் மாதிரி ஒரு ருசிக்குப் போடுவது. முதல் பயணத்தில் ஒரு காலையில் இடியாப்பம், சொதி, சிவப்பாகச் சம்பல் வந்தது. அம்மா, "நம்ம தேங்காய்த் தொவையல் மாதிரியே இருக்குப்பா, இன்னும் கொஞ்சம் வை" என்று மூன்றாவது தடவை வாங்கும்போது நான் வாயில் வைத்தேன், பல்லில் சின்னச் சின்னத் துண்டாக மாசி கடிபட்டது. மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். இன்று வரை அம்மாவிடம் சொல்லவில்லை, இணையத்தில் எழுதுவதை அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். ஆகவே "சைவம்" என்பதோடு நிறுத்தாமல் மாசி வேண்டாம், உம்பலகட வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வேறு விதமான சிக்கல், தமிழே சிக்கல். வீட்டு அம்மா என் மனைவியைப் பார்த்து, "பிள்ளை மச்சம் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டார். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து அசைவம், மரக்கறி என்றால் காய்கறிச் சாப்பாடு. வெளியே கிளம்பும்போது, "திறப்பைக் குசினிக் கதவில கொழுவிப்போட்டுப் போங்கோ" என்றார். திறப்பு சாவி, குசினி அடுப்படி, கொழுவுவது மாட்டுவது. நுளம்பு கொசு, ஆகவே நுளம்பு வலை இருக்கா என்று கேட்டால் உடனே கொண்டுவந்து கட்டுவார்கள். தேத்தண்ணி என்றால் டீ, பாண் என்றால் பிரெட். ஒரு நாளில் பழகிவிடும், இரண்டாம் நாள் என் மகள் "நுளம்பு கடிக்குது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

படி 6: காசு

கடைசிப் பயணத்தில் இரண்டு பேர் அறைக்கு நான் கொடுத்தது 6,000 முதல் 9,500 இலங்கை ரூபாய் வரை. நம் ஒரு ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன், அதாவது 1,700 முதல் 2,700 ரூபாய். கடலோரமும் எல்லயும் விலை கூட, யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் கொஞ்சம் குறைவு.

புக் செய்யும்போது விலைக்குள் என்னென்ன அடக்கம் என்று பாருங்கள். காலைச் சாப்பாடு சேர்ந்ததா, வரி சேர்ந்ததா, ஏசிக்குத் தனியா. 2022 நெருக்கடிக்குப் பிறகு அங்கே மின்கட்டணம் கடுமையாக ஏறிவிட்டது, அதனால் ஏசியைப் போட்டால் தனிக்காசு என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அது பேராசை இல்லை, அவர்கள் நிலைமை அப்படி. டாலரில் காட்டுகிற தளத்தில் விலையை இலங்கை ரூபாய்க்கு மாற்றிப் பாருங்கள், வாசலில் வந்து "இன்றைய ரேட்" என்ற தகராறு வராது.

போய்ச் சேர்ந்தபின் கட்டலாம், இன்ன தேதி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்று இருக்கிற வீடுகளையே முதல் பயணத்தில் எடுங்கள். பேங்க் கணக்குக்கு முழுத் தொகையையும் முன்கூட்டி அனுப்பு என்றால் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பி, கார்டைச் சரிபார்க்கவேண்டும், இல்லையென்றால் புக்கிங் ரத்தாகிவிடும் என்று வந்தால் அது வீட்டுக்காரரே இல்லை, தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று. தளங்கள் வீட்டுக்காரரிடம் 15 சதவீதம் அளவுக்குக் கமிஷன் எடுக்கின்றன. அதனால் "ரத்து செய்துவிட்டு நேரடியாக வாங்க, குறைத்துத் தருகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். முதல் தடவை அதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை, தகராறு வந்தால் கேட்க ஆள் வேண்டும். போய்த் தங்கிப் பிடித்துப்போனபின் கூடுதலாக ஒரு நாள் இருப்பதென்றால், அதை நேரடியாகப் பேசிக்கொள்வதில் எனக்கு உறுத்தல் இல்லை.

கையில் ரொக்கம் இருக்கட்டும். 2024 பிப்ரவரியில் இலங்கையில் யூபிஐ வந்துவிட்டது என்றாலும் அது கடைகளில்தான் உதவும், கிராமத்து வீட்டில் அக்கா அலமாரியில் காசு வைக்கிற டப்பாவைத்தான் எடுப்பார். விசா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்புவதற்கு முன் இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் காசு பிடுங்குகிற தளங்கள் நிறைய உண்டு.

படி 7: போய் இறங்கிய முதல் பத்து நிமிடம்

முதல் ராத்திரியை நீர்கொழும்பில் போடுவது நல்லது. கொழும்பு விமானம் இறங்குகிற கட்டுநாயக்க ஏர்போர்ட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான், பிள்ளைகள் தூங்கி எழுந்து நிதானமாக மலைக்குப் போகலாம். ஏர்போர்ட்டிலேயே சிம் வாங்கிவிடுங்கள், வீட்டுக்காரருக்குப் போன் போடாமல் எந்த வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். வாளியில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள், டாய்லெட்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஜன்னல் கொக்கி விழுகிறதா, வலையில் ஓட்டை இருக்கிறதா, மெத்தையைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது. பிளக் பாயிண்டைப் பாருங்கள். பழைய வீடுகளில் நம் உருண்டை முள் பிளக் போகும், புதிதாகக் கட்டினதில் மூன்று சதுர முள்தான், அதற்கு ஒரு அடாப்டர் கொண்டுபோனால் பிழைத்தோம். இதெல்லாம் பத்து நிமிடம்கூட ஆகாது. ஏதாவது சரியில்லை என்றால் அப்போதே, சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். நல்ல வீடென்றால் அடுத்த அறையைத் திறந்துவிடுவார்கள். மறுநாள் காலை கிளம்பும்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்வதில் யாருக்கும் லாபம் இல்லை.

எல்லயில் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த ராத்திரி அங்கேயே படுத்தோம், மழையில் வேறு போக்கில்லை. காலையில் ஒரு நாள் காசைக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு நாளை ரத்து செய்யச் சொல்லித் தளத்துக்குப் போட்டோக்களோடு எழுதினேன். அறை விளம்பரத்தில் இருந்தபடி இல்லை என்பதைப் படமாகக் காட்டினதால் மறுபேச்சில்லாமல் ரத்தானது. அதனால் போய் இறங்கியதும் போட்டோ எடுங்கள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

படி 8: அவர்கள் வீட்டில் நாம்

செருப்பு வெளியே, அது நமக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுப்படிக்குள் கேட்காமல் போகாதீர்கள், கேட்டுவிட்டுப் போனால் சொதி வைக்கக் கற்றுக்கொண்டு வரலாம். ராத்திரிச் சாப்பாடு வேண்டுமென்றால் மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள், நம் ஒருவருக்காகத்தான் அன்றைக்குச் சந்தைக்குப் போவார்கள். சொல்லிவிட்டு வெளியே பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்தால் அதைவிட அசிங்கம் இல்லை.

பௌர்ணமி அன்று போயா விடுமுறை. மதுக்கடை கிடையாது, பல இடங்களில் கறிக்கடையும் மூடியிருக்கும். சிங்கள வீடுகளில் அன்று விகாரைக்குப் போவார்கள், கூப்பிட்டால் வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு கூடப் போங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள், அது அங்கே பெரிய அவமரியாதை. மலைப்பக்கம் துணியை வெளியே காயப்போட்டால் குரங்கு கொண்டுபோய்விடும், அழகர்மலை போனவர்களுக்குத் தெரிந்த கதைதான்.

யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தங்குகிறவர்களுக்கு ஒன்று. நமக்கு ஆயிரம் கேள்வி இருக்கும், 2009-க்கு முன்னால் என்ன நடந்தது, இந்த வீட்டுக்கு என்ன ஆனது, யார் யார் போனார்கள் என்று. நாமாக வாயைத் திறக்கவேண்டாம். ஹாலில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு என் மச்சான் ஒருத்தன் "இது யாரு?" என்று கேட்டுவிட்டான், அந்த அம்மா சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார், ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். நம் ஊர் அரசியலை அங்கே கொண்டுபோய் விளக்க வேண்டாம்.

ஆட்டோ, படகு, வேன் எல்லாம் வீட்டுக்காரரே ஏற்பாடு செய்வார். அதில் அவருக்குச் சின்னக் கமிஷன் இருக்கலாம். இருந்தால் என்ன, வழியில் ஏதாவது ஆனால் அவர்தான் போன் எடுப்பார். இருந்தாலும் நம்பர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: இலவச ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119, சுற்றுலா அதிகாரசபை 1912.

கையில் எதையாவது கொண்டுபோங்கள். மல்லிகைப் பூ ஆசை எல்லாருக்கும் வரும், செடி, பூ எல்லாம் விமானத்தில் வில்லங்கம், விட்டுவிடுங்கள். நான் சுங்குடிச் சேலை கொண்டுபோகிறேன். எடை இல்லை, பெட்டியின் அடியில் மடித்து வைத்துவிடலாம். கண்டி அக்கா அதைப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினது என்று மனைவி சைகையில் காட்டினதைப் பார்த்து, விரல் நுனியால் புள்ளிகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

படி 9: கிளம்பும்போது

சாப்பாடு, ஏசி, ஆட்டோ எல்லாவற்றையும் முந்தின ராத்திரியே கணக்குப் பார்த்து முடித்துவிடுங்கள், காலை ரயிலுக்கு ஓடும்போது சில்லறை தேடக்கூடாது. விமர்சனம் எழுதுங்கள், தமிழிலும் ஒரு வரி போடுங்கள். அடுத்து வருகிற நம் ஊர்க்காரருக்குத் தேவையானது காட்சி அழகு இல்லை: எத்தனை படி, வாளி இருக்கிறதா, மாசி போடாமல் செய்கிறார்களா, ராத்திரி வீட்டில் யார்.

கடைசியாக, அடுத்த ஊரில் தங்குவதற்கு யாரையாவது தெரியுமா என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்புகிற அன்று, திருகோணமலையில் இன்னும் எதுவும் போடவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார், தங்கச்சி வீடு, எந்தத் தளத்திலும் கிடையாது. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, எங்களைப் பார்த்ததே இல்லாத ஒரு அம்மா குடையோடு வந்து நேராக அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார்.

"அம்மாவுக்கு மச்சம் வேண்டாம் எண்டு அக்கா சொன்னவ. சம்பலுக்கு மாசி போடாமத்தான் இடிச்சு வச்சிருக்கிறன், வாங்கோ."